வரிசை வைத்த விலை

பழைய காருக்கு விலை வைக்க உட்காரும் எவரும் முதலில் போடுவது தேய்மானக் கணக்கு. எந்த வருட மாடல், எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது, வருடத்துக்கு எத்தனை சதவீதம் கழிக்கலாம் என்று பார்த்து ஒரு தொகைக்கு வருகிறார்கள். காப்பீட்டு நிறுவனங்கள் வழிவழியாகப் பின்பற்றும் அட்டவணையும் இதே தர்க்கத்தில் அமைந்ததுதான். ஆறு மாதத்துக்குள் 5 சதவீதம், ஓராண்டுக்குள் 15, இரண்டாண்டுக்குள் 20, மூன்றாண்டுக்குள் 30, நான்காண்டுக்குள் 40, ஐந்தாண்டுக்குள் 50 என்று அது கழிக்கிறது. ஐந்தாண்டைத் தாண்டிய வண்டிக்கு அட்டவணை இல்லை. நிறுவனமும் உரிமையாளரும் பேசி ஒப்புக்கொள்வதே மதிப்பு. பார்க்க ஒழுங்கான கணக்கு. ஆனால் இந்தியாவில் தனி மனிதர்கள் தங்கள் காரை விற்ற வரலாற்றை இந்தக் கணக்கால் விளக்க முடியாது. பல பத்தாண்டுகள் இங்கே கார் பழசாகியும் விலை இறங்கவில்லை. சில சமயம் ஏறியது. பழைய காரின் விலையை வைத்தது அந்தக் காரின் தேய்மானம் என்பதைவிட, புதுக் காருக்காக நின்ற வரிசை என்பதே சரி. அந்த வரிசை கலைந்தபின் விலையைப் பிடித்துக்கொண்டது, விற்பவருக்குத் தெரிந்து வாங்குபவருக்குத் தெரியாமல் இருக்கும் விஷயங்கள். பத்திரிகையில் வரும் வரி விளம்பரம் நீண்டதும், அதன் தொனி மாறியதும் இந்த இடமாற்றத்தால்தான்.

வரிசை எப்படி உருவானது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். 1949இல் முழுமையாகக் கட்டப்பட்ட கார்களை இறக்குமதி செய்வதற்கு அரசு தடை விதித்தது. 1953இல் வரி ஆணையத்தின் பரிந்துரையை ஏற்று, உள்நாட்டில் பாகங்களை உற்பத்தி செய்யும் திட்டம் இல்லாத நிறுவனங்கள் வெளியேற வேண்டும் என்று முடிவானது. ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் கிளம்பின. மிஞ்சியவை முக்கியமாக மூன்று: உத்தர்பாராவில் அம்பாசிடர் செய்த ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், பம்பாய் குர்லாவில் ஃபியட் செய்த பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ், சென்னைக்கு வெளியே வண்டலூரில் ஹெரால்டு செய்த ஸ்டாண்டர்டு மோட்டார். எத்தனை கார் செய்யலாம் என்பதற்கு உரிமம், எந்த உதிரிபாகத்தை இறக்குமதி செய்யலாம் என்பதற்கு அனுமதி, யாருக்கு விற்கலாம் என்பதில் ஒரு பங்குக்கு அரசு ஒதுக்கீடு. 1969இல் விற்பனை விலைக்கும் அரசு சட்டப்படி உச்சவரம்பு விதித்தது. உற்பத்தியாளர்கள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். கார் விலையை ஆராயத் தனி ஆணையமே அமைந்தது. 1980ஐ ஒட்டிய ஆண்டுகளில்கூட இவ்வளவு பெரிய நாட்டில் வருடத்துக்கு உருவான கார்கள் சுமார் 30,000தான். முன்பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். ஃபியட்டுக்கு வரிசை இன்னும் நீளம்.

விலைக்கு உச்சவரம்பு, எண்ணிக்கைக்கும் உச்சவரம்பு. இப்படியானால் உண்மையான விலை எங்காவது வெளிவந்தே தீரும். அது பழைய கார் சந்தையில் வெளிவந்தது. ஷோரூம் விலை என்பது காகிதத்தில் எழுதப்பட்ட விலை. அந்த விலைக்கு இன்று கார் கிடைக்காது. சாலையில் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு வருடப் பழைய ஃபியட் இன்றே கிடைக்கும். அந்த ‘இன்றே’வுக்குக் கொடுத்த தொகைதான் பிரீமியம். ஒதுக்கீட்டில் கார் பெற்றவர் அதைச் சில காலம் ஓட்டிவிட்டு வாங்கிய விலைக்கு மேலே விற்றது அந்தக் காலத்துக்கு இயல்பான நிகழ்வு. காருக்கு முன்பதிவு செய்வது சேமிப்பில் ஒரு வகை என்றே நடுத்தர வர்க்கம் கருதியது. வெளிநாட்டுத் தூதரக அதிகாரிகளும் அவர்களைப் போன்ற சலுகை பெற்றவர்களும் கொண்டுவந்த வெளிநாட்டுக் கார்களை அரசு வணிகக் கழகம் வாங்கி ஒப்பந்தப்புள்ளி மூலம் விற்றது. பத்து வயதான வெளிநாட்டு வண்டிக்கும் அங்கே போட்டி இருந்தது.

இன்னொரு காரணமும் சேர்ந்துகொண்டது. அம்பாசிடர் 1957இல் வந்தபோது இருந்த உருவத்தை, 2014இல் உற்பத்தி நிற்கும்வரை பெரிதாக மாற்றிக்கொள்ளவில்லை. முன்பக்கக் கிரில் மாறியது, டேஷ்போர்டு மாறியது, பின்னாளில் இன்ஜினும் மாறியது, கூடு மாறவில்லை. பத்து வருட வண்டிக்குப் புது வண்டியின் கதவு பொருந்தியது. சென்னை புதுப்பேட்டையில் கழற்றி அடுக்கிய பாகங்களிலிருந்து ஒரு வண்டியையே கட்டிவிடலாம் என்னும் நிலை. அமெரிக்காவில் நடந்ததற்கு இது நேர் எதிர். அங்கே 1920களில் ஆல்ஃபிரட் ஸ்லோன் தலைமையில் ஜெனரல் மோட்டார்ஸ் வருடாவருடம் மாடலை மாற்றும் வழக்கத்தை நிலைநிறுத்தியது. போன வருடக் கார் பழசாகத் தெரிய வேண்டும் என்பது அதன் நோக்கம். பழைய கார்கள் குவிந்ததால், அவற்றுக்கு விலைப் பட்டியல் தேவைப்பட்டது; லாஸ் ஏஞ்சல்ஸில் கார் வியாபாரியான லெஸ் கெல்லி 1926இல் வெளியிட்ட நீலப் புத்தகம் அந்தத் தேவையிலிருந்து வந்தது. இங்கே அப்படியொரு புத்தகம் எழுத எவருக்கும் அவசியம் ஏற்படவில்லை. வண்டி வயதாவதற்குப் புது மாடல் வேண்டும். புது மாடலே வராத ஊரில் வண்டிக்கு வயது ஏது?

அந்தக் கால வரி விளம்பரத்தை இந்தப் பின்னணியில் படித்தால்தான் அதன் சுருக்கம் புரியும். கார் பெயர், மாடல் ஆண்டு, ‘நல்ல நிலையில்’, ஒரு தொலைபேசி எண் அல்லது பத்திரிகை அலுவலகத்தின் பெட்டி எண். அவ்வளவுதான். வரிக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கியதால் சுருக்கினார்கள் என்பது உண்மைதான். ஆனால் அதே பத்திரிகையில் அதே கட்டணத்துக்கு வந்த மணமகள் தேவை விளம்பரங்கள் அவ்வளவு சுருங்கவில்லை. கோத்திரம், படிப்பு, சம்பளம், நிறம் என்று நீண்டன. சொல்லவேண்டிய கட்டாயம் இருந்த இடத்தில் மக்கள் காசு கொடுத்துச் சொன்னார்கள். கார் விற்றவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ‘ஃபியட், 1974’ என்ற இரண்டு சொல்லுக்கே ஆள் வந்தது. விலையைக் குறிப்பிடுவதும் அரிது. நேரில் வருபவர்களில் அதிகம் கொடுப்பவருக்கு என்பதே ஏற்பாடு. வாங்குபவர்தான் தன்னை நிரூபிக்க வேண்டியிருந்தது, ரொக்கம் தயாராக இருக்கிறது என்று.

இங்கே ஒரு மறுப்பு எழும், நியாயமானதுதான். அந்த நாட்களில் பணவீக்கம் கடுமையாக இருந்தது. 1970இல் வாங்கிய காரை 1980இல் அதைவிட அதிகத் தொகைக்கு விற்றது ரூபாயின் சரிவைக் காட்டுமே தவிர காரின் மதிப்பைக் காட்டாது என்று சொல்லலாம். பத்தாண்டு இடைவெளியை மட்டும் எடுத்துக்கொண்டால் இது சரி. ஆனால் பிரீமியம் என்பது ஒரே நாளில் இருந்த இரண்டு விலைகளின் வித்தியாசம்: இன்றைய தேதியில் புது வண்டியின் பட்டியல் விலை ஒன்று, இன்றைய தேதியில் சற்றே ஓடிய வண்டி கைமாறும் விலை இன்னொன்று. இரண்டும் ஒரே ரூபாயில். அந்த வித்தியாசத்துக்குப் பணவீக்கம் பொறுப்பாகாது. 1983இல் இது இன்னும் தெளிவாகத் தெரிந்தது. மாருதி 800க்கு முன்பதிவு திறந்தபோது 10,000 ரூபாய் முன்பணம் கட்டி ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் பதிவு செய்தார்கள். யாருக்கு முதலில் என்பதைக் குலுக்கலில் தீர்மானித்தார்கள். அந்த டிசம்பர் 14 அன்று பிரதமர் இந்திரா காந்தி முதல் சாவியை வழங்கினார். ஐம்பதாயிரம் ரூபாயை ஒட்டிய விலையுள்ள கார் அது. குலுக்கலில் முன்னால் வந்தவர்கள் வண்டியைப் பல ஆயிரம் ரூபாய் கூடுதலுக்குக் கைமாற்ற முடிந்தது. ஓட்டிப் பார்க்காத கார், தேய்மானமே இல்லாத கார், அதன் விலையை வைத்தது முழுக்க முழுக்க வரிசையில் அதற்கிருந்த இடம்.

இதே காலத்தில் உலகின் மறுகோடியில் பழைய காரின் விலை பற்றி ஒரு பெரிய கேள்வி எழுந்திருந்தது. 1970 ஆகஸ்டில் பொருளாதார ஆய்விதழ் ஒன்றில் ஜார்ஜ் அகர்லாஃப் எழுதிய பதிமூன்று பக்கக் கட்டுரை, ஷோரூமைவிட்டு வெளியே வந்த காரின் விலை ஏன் சட்டென்று அவ்வளவு விழுகிறது என்று கேட்டது. அவர் கண்ட விடை: தன் காரில் என்ன கோளாறு என்று விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. எனவே வாங்குபவர் எல்லாக் காரையும் சுமாரான கார் என்றே எண்ணி விலை கேட்பார். அந்த விலைக்கு நல்ல காரை யாரும் விற்க மாட்டார்கள். நல்ல கார்கள் ஒதுங்க ஒதுங்கச் சந்தையில் மோசமானவை மிஞ்சும். விலை இன்னும் இறங்கும். மூன்று ஆய்விதழ்கள் நிராகரித்த இந்தக் கட்டுரைதான் 2001இல் அவருக்கு நோபல் பரிசு கிடைக்க அடிப்படை. அகர்லாஃப் 1967-68இல் டெல்லியில் இந்தியப் புள்ளியியல் கழகத்தில் இருந்தவர். கட்டுரையில் அரிசியில் கல் கலந்து விற்பதைப் பற்றியும், இந்தியக் கிராமத்து வட்டித் தொழில் பற்றியும் எழுதியிருக்கிறார். அரிசிக்கும் கடனுக்கும் இந்தியாவை எடுத்துக்காட்டிய அவர் காருக்கு அமெரிக்காவைத்தான் எடுத்துக்கொண்டார். அது பொருத்தமே. அந்த ஆண்டில் இந்தியாவில் ஷோரூமைவிட்டு வெளியே வந்த காரின் விலை விழவில்லை. விற்பவருக்குத் தெரிந்ததும் வாங்குபவருக்குத் தெரியாததும் இங்கேயும் இருந்தன; ஆனால் வரிசையின் நீளம் அந்த அறியாமைக்கான தள்ளுபடியை விழுங்கிவிட்டது.

வரிசை கலைந்தது 1990களில். 1993இல் கார் உற்பத்திக்கு உரிமம் தேவையில்லை என்றானது. டேவூ, ஃபோர்டு, ஹூண்டாய் என்று வரிசையாக வந்தார்கள். மறைமலை நகரும் இருங்காட்டுக்கோட்டையும் கார் ஊர்களாயின. 1998இல் சான்ட்ரோவும் இண்டிகாவும் வந்தன. வங்கிகள் கார் கடனைத் தேடி வந்து கொடுத்தன. இப்போது முன்பணம் கட்டிய வாரமே வண்டி வீட்டுக்கு வந்தது. பழைய காரின் விலையைத் தாங்கிப் பிடித்திருந்த தூண் விழுந்தது. அகர்லாஃப் எழுதியது இங்கேயும் பலிக்கத் தொடங்கியது. கார்களுக்குப் பஞ்சம் போய், காரைப் பற்றிய உண்மைக்குப் பஞ்சம் வந்தது.

வரி விளம்பரம் பேசத் தொடங்கியது இதற்குப் பிறகுதான். ‘சிங்கிள் ஓனர்’, ‘டாக்டர் ஓட்டியது’, ‘கம்பெனி சர்வீஸ் மட்டும்’, ‘ஒரிஜினல் பெயின்ட்’, ‘இன்சூரன்ஸ் கரன்ட்’, ‘நான்கு டயரும் புதிது’, ‘லோன் இல்லை’, ‘புரோக்கர் வேண்டாம்’. இந்தச் சொற்களில் பாதி காரைப் பற்றியவை அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும், உரிமையாளரைப் பற்றியவை. டாக்டர் என்பது படிப்பைச் சொல்ல வந்ததல்ல. வீட்டிலிருந்து மருத்துவமனைக்கும் கிளினிக்குக்கும் போகிற குறுகிய ஓட்டம், நள்ளிரவில் அழைப்பு வந்தாலும் ஒரே திருகலில் கிளம்பும்படி வைத்திருக்க வேண்டிய கட்டாயம், சர்வீஸுக்குக் காசு பார்க்காத வசதி ஆகிய மூன்றையும் அந்த ஒரு சொல் சுமந்தது. இன்ஜினைத் திறந்து பார்க்க முடியாதவர் அதை வைத்திருந்தவரைப் பார்த்து முடிவெடுக்கிறார். மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்ப்பதோடு நில்லாமல், எந்த வீட்டு மாடு என்று விசாரிப்பதைப் போன்றது இது.

விளம்பரத்தின் சொல்லை நம்பாதவருக்குப் பல்லும் உண்டு, அதைப் பார்க்கத் தெரிந்த மெக்கானிக்கும் உண்டு. மீட்டர் முப்பதாயிரம் காட்டினாலும் கிளச் பெடலின் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்தால் மீட்டரில் கைவைத்திருக்கிறார்கள் என்று பொருள். பானட்டைத் தூக்கி ஃபெண்டரைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளைப் பார்ப்பார். அவற்றின் முனையில் ஸ்பேனர் பட்டுப் பெயின்ட் உரிந்திருந்தால் அந்தப் பக்கம் ஒருமுறை கழன்றிருக்கிறது. கதவின் ரப்பர் பீடிங்கை இழுத்துப் பார்த்தால் கம்பெனி போட்ட ஸ்பாட் வெல்டிங் புள்ளிகள் சீரான இடைவெளியில் தெரிய வேண்டும், தெரியாவிட்டால் டிங்கரிங். டயரின் பக்கவாட்டில் பதித்திருக்கும் நான்கு இலக்கத்தில் முதல் இரண்டு வாரம், கடைசி இரண்டு ஆண்டு: 2319 என்றால் 2019இன் இருபத்து மூன்றாம் வாரம். கண்ணாடிகளில் தயாரிப்பு ஆண்டுக் குறி இருக்கும். ஒன்று மட்டும் பிந்திய ஆண்டாக இருந்தால் ஏன் மாற்றினீர்கள் என்று கேட்கலாம். கொங்கு வட்டாரத்தில் ஊருக்கு ஊர் முளைத்த கன்சல்டிங் அலுவலகங்களின் முதலீடு இந்தக் கண்தான். இரு தரப்புக்கும் நடுவே உட்கார்ந்து, தெரியாததைத் தெரிந்ததாக்கிக் கொடுத்து, அதற்குக் கமிஷன் வாங்கினார்கள். தனியார் விளம்பரத்தில் ‘புரோக்கர் வேண்டாம்’ என்று எழுதியவர் அந்தக் கமிஷனைத் தானே வைத்துக்கொள்ள நினைத்தவர். அதற்கு ஈடாக, தன் பேச்சை நம்பவைக்கும் பாரத்தையும் அவரே சுமக்க வேண்டியிருந்தது.

அடுத்த மறுப்பு இன்னும் வலுவானது: வரிசைக் காலம் அரசு உண்டாக்கிய விதிவிலக்கு, அதை வைத்துப் பொதுவிதி சொல்லக் கூடாது என்பது. விதிவிலக்கு என்றால் திரும்பத் திரும்ப வராது. 1942 பிப்ரவரியில் போருக்காக அமெரிக்கா தனியார் கார் உற்பத்தியை நிறுத்தியது. வருடாவருடம் மாடல் மாற்றிய அதே நாட்டில் பழைய கார்களின் விலை ஏறி, 1944இல் அரசே அவற்றுக்கு உச்சவரம்பு விதிக்க நேர்ந்தது. இலங்கை 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் வாகனங்களுக்கு 2025 பிப்ரவரியில்தான் கதவு திறந்தது. இடைப்பட்ட ஐந்தாண்டுகளில் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் ஒரே வாகன்-ஆர் வருடத்துக்கு வருடம் வயதும் ஏறி விலையும் ஏறியது. ரூபாயின் வீழ்ச்சிக்கு அதில் பங்கு உண்டு. ஆனால் புது வண்டி வராத நிலைதான் அடித்தளம். இந்தியாவிலும் 2021-22இல் சிப் தட்டுப்பாட்டால் சில மாடல்களுக்குக் காத்திருப்பு ஒரு வருடத்தைத் தாண்டியபோது, சில ஆயிரம் கிலோமீட்டர் ஓடிய மஹிந்திரா தார் ஷோரூம் விலையை ஒட்டி விளம்பரமானது. 1970களின் பிரீமியம் அதன் எல்லா அடையாளங்களோடும் திரும்பி வந்தது.

எதிர்த்திசையிலும் இதே விதி வேலை செய்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களின் ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆனது. அன்று காலை நாட்டில் எந்தப் பழைய காரும் முந்தைய நாளைவிட அதிகம் தேய்ந்திருக்கவில்லை. ஆனாலும் புது வண்டி மலிவானதால் பழையவற்றின் விலையைக் குறைத்தே ஆக வேண்டியிருந்தது; பெரிய நிறுவனங்கள் குறைத்து அறிவித்தன. தொடக்கத்தில் சொன்ன காப்பீட்டு அட்டவணையைக்கூடக் கூர்ந்து பார்த்தால் இது தெரியும். அது கழிப்பது உரிமையாளர் கொடுத்த விலையிலிருந்து அல்ல, உற்பத்தியாளரின் இன்றைய பட்டியல் விலையிலிருந்து. இதை உணராமல் ‘நான் ஏழு லட்சம் கொடுத்து வாங்கியது’ என்று விளம்பரத்தில் எழுதுபவர் எவரையும் நகர்த்தாத ஒரு எண்ணை எழுதுகிறார். இரண்டு வண்டிகள் ஒரே வருடம், ஒரே மாடல். நன்றாக வைத்திருந்தது கூடுதலாகப் போகும் என்பதில் சந்தேகமில்லை. பராமரிப்பு ஒரு வண்டியை அடுத்த வண்டிக்கு மேலே வைக்கும். ஆனால் அந்த இரண்டும் சேர்ந்து நிற்கும் தளத்தின் உயரத்தை வைப்பது புது வண்டியின் விலையும் அது கிடைக்கும் வேகமும்தான்.

செயலிகளும் நிறுவனங்களும் வந்தபின் தனியார் விளம்பரத்துக்கு என்ன வேலை என்பது கடைசிக் கேள்வி. 2001இல் மாருதி ட்ரூ வேல்யூ தொடங்கியது, பின்னர் ஓ.எல்.எக்ஸ். போன்ற தளங்கள், 2015இல் கார்ஸ்24, ஸ்பின்னி. நூற்றுக்கணக்கான அம்சங்களைச் சோதித்து, சான்றளித்து, ஒரே நாளில் பணம் கொடுக்கிறார்கள். பரிவாகன் செயலியில் பதிவெண்ணை இட்டால் வண்டியின் வயது, எஃப்.சி., காப்பீடு எல்லாம் வந்துவிடுகின்றன. 2019-20இல் புதுக் கார்கள் சுமார் 28 லட்சம் விற்றபோது பழையவை 40 லட்சத்தைத் தாண்டியதாகத் தொழில்துறை மதிப்பிட்டது; இவ்வளவு பெரிய சந்தை பத்திரிகையின் வரி விளம்பரத்தில் அடங்காது. இருந்தும் நிறுவனம் நமக்குக் கொடுக்கும் விலைக்கும், அதே வண்டியை இன்னொருவருக்கு விற்கும் விலைக்கும் நடுவே ஒரு இடைவெளி நிற்கிறது. சோதனைச் செலவு, பழுதுபார்ப்பு, வாரன்டி, வட்டி, தவறான மதிப்பீட்டுக்கான காப்பு எல்லாம் அதற்குள் அடக்கம். பதிவு பெற்ற வியாபாரியின் லாபப் பகுதிக்கு 2025 தொடக்கத்திலிருந்து 18 சதவீத ஜி.எஸ்.டி. வேறு; தன் காரைத் தானே விற்கும் தனி மனிதருக்கு அந்த வரி இல்லை. அறியாமைக்கான தள்ளுபடி மறையவில்லை. நிறுவனங்கள் அதை வாங்கி விற்கின்றன.

தன் வண்டியைப் பற்றி எல்லாம் தெரிந்தவர் அதை மறைக்காமல் எழுதினால் இந்த இடைவெளியில் கணிசமான பகுதி அவருக்கும் வாங்குபவருக்குமே மிஞ்சும். சர்வீஸ் பில்களின் படம், இடது கதவு ஒருமுறை பெயின்ட் ஆனது என்ற வரி, கிளச் இன்னும் பத்தாயிரம் கிலோமீட்டரில் மாற்ற வேண்டியிருக்கும் என்ற தகவல், இதே மாடலின் இன்றைய புது விலையைச் சொல்லி அதிலிருந்து இறங்கிய ஒரு தெளிவான தொகை. இவற்றோடு சட்டமும் ஒன்று கேட்கிறது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 50ஆம் பிரிவுப்படி விற்றவர் 14 நாட்களுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். படிவம் 29, 30 அதற்கானவை. கையெழுத்துப் போட்ட படிவத்தையும் சாவியையும் கொடுத்துவிட்டுப் பணத்தை எண்ணிக்கொண்டு போகும் பழைய வழக்கம் இன்றும் நடக்கிறது. ஆர்.சி.யில் பெயர் மாறாதவரை விபத்து இழப்பீட்டுக்குப் பதிவு பெற்ற உரிமையாளரே பொறுப்பு என்று 2018இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. வண்டி நான்கு கை மாறியிருந்தாலும் இழப்பீட்டு வழக்கின் நோட்டீஸ் முதலில் போவது ஆர்.சி.யில் பெயர் உள்ளவரின் வீட்டுக்குத்தான். ‘பெயர் மாற்றம் உடனே செய்துதர வேண்டும்’ என்ற நிபந்தனையை இன்றைய தனியார் விளம்பரங்கள் சிலவற்றில் விற்பவர்களே விலைக்கு அடுத்த வரியில் சேர்க்கிறார்கள்.